பழைய அம்பாசடர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பானட்டைத் தூக்கினால் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஃபேன் பெல்ட், நடுவில் கையை விட்டு வேலை பார்க்கத் தாராளமாக இடம். நாலு ஸ்பேனர் இருந்தால் புளியமரத்தடியிலேயே சரிசெய்துவிடலாம் என்ற ஆசையில்தான் பலரும் இன்றைக்கும் அம்பாசடர் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஒன்றை வாங்கினேன். அந்த எளிமை உண்மைதான், அதை இன்றைய எந்தக் காரும் எனக்குத் தரவில்லை. ஆனால் எளிதில் சரிசெய்யலாம் என்பதைக் கவனிக்கவே வேண்டாம் என்று புரிந்துகொண்டு பலர் ஏமாறுகிறார்கள்.

முதல் தவறு, எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்கி வாங்குவது. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் களைத்துப்போனால் பிரித்துப் புதுப்பிக்கலாம். மேற்கு வங்கத்து உத்தரபாரா தொழிற்சாலையில் தயாரிப்பு 2014-ல் நின்றாலும், சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் சாமான் கிடைக்கும். துருப்பிடித்த பாடியை அப்படி மீட்க முடியாது. அம்பாசடருக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். கிடையாது. அதன் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரைப் போலவே பாடிதான் வண்டியின் எலும்பு. தரைத் தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பகுதியும் அரித்துப்போனால் அந்த எலும்பே போனது. என் வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், கண்ணாடிபோல் மின்னியது. முதல் பஞ்சருக்கு ஜாக்கி வைத்தபோது வண்டி எழும்பவில்லை, ஜாக்கி உள்ளே போனது. துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி என்ற பூச்சுப் பசை போட்டு மூடியிருந்திருக்கிறார்கள். அதனால் மெல்லிய துணியில் ஒரு காந்தத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். அது ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. காலடியில் விரித்திருக்கும் மேட்டைத் தூக்கிப் பாருங்கள், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் இடத்தையும் பாருங்கள். கதவைத் திறந்ததும் தொங்கினால் விலை பேசாமல் வந்துவிடுங்கள்.

அடுத்தது எஞ்சின் சூடு. "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடாகாது சார்" என்று மெக்கானிக் சொல்வார். கேட்காதீர்கள். பெரும்பாலும் ரேடியேட்டர்தான் அடைத்திருக்கும். தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடான பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு. அது இல்லாத எஞ்சின் வேலை செய்யும் சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். உப்பு நிறைந்த போர் தண்ணீரை ஊற்றுவதும் இதே ரகம். கூலன்ட் ஊற்றுங்கள்.

கிரீஸ் அடிக்க மறப்பது இன்னொன்று. முன்பக்க சஸ்பென்ஷனில் கிரீஸ் ஏற்றுவதற்கான சின்ன முனைகள், அதாவது கிரீஸ் நிப்பிள்கள், இருக்கின்றன. வாட்டர் சர்வீஸில் தண்ணீர் அடித்துத் துடைத்துக் கொடுத்துவிடுவார்கள், நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டால்தான் நிப்பிள் நிப்பிளாகக் கிரீஸ் அடிப்பார்கள்.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கிறீர்களா? இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களும் எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்பின் டயாஃப்ரம் என்ற சவ்வும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி, வெடித்து, சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் கசியும். குழாய்களை முதலில் மாற்றுங்கள், அப்புறம் ஊர்சுற்றலாம்.

"அந்தக் காலத்துத் தகடு, மோதினால் எதிர்வண்டிதான் நசுங்கும்" என்ற பேச்சை நான் வெறுக்கிறேன். தகடு நசுங்காவிட்டால் அந்த அதிர்ச்சி உள்ளே இருப்பவர் உடம்புக்குப் போகிறது. ஏர்பேக் இல்லை, பழைய மாடல்களில் சீட் பெல்ட்டும் இல்லை. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டி தேங்கிய நீரைக் கடந்து வந்தால் சட்டென்று பிடிக்காது. பெல்ட் பொருத்துங்கள், இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

பணம் கொடுக்குமுன் ஆர்.சி.யையும் எஞ்சின் நம்பரையும் ஒப்பிடுங்கள். ஒரு காலத்தில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றிய அம்பாசடர்கள் ஏராளம். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறாமலிருந்தால் 15 ஆண்டுக்குப் பிறகான பதிவுப் புதுப்பித்தலில் மாட்டிக்கொள்வீர்கள். 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு, அதாவது பழம்பெரும் வண்டிகளுக்கான தனிப் பதிவு, வாங்கவும் வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும், அசல் வடிவம் மாறாமலும் இருக்க வேண்டும். அந்தப் பதிவு பெற்ற வண்டியைத் தினமும் ஓட்ட முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.