எட்டு மணிக்கு நொண்டிய நெட்

ஆடிச் சாரலில் செங்கோட்டையே நனைந்து கிடந்த வாரம். ராத்திரி எட்டு மணியானால் வீட்டு நெட் நொண்டும். மழைதான் காரணம் என்று விட்டுவிட்டேன். "மழைக்கு என்னப்பா மணிக் கணக்கு?" என்று மகள் கேட்ட பிறகுதான் உறைத்தது.

பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டருக்குள் போனேன். (உங்களுக்கு வேறு எண் என்றால் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்.) இணைந்த சாதனங்களின் பட்டியலில் ஒன்பது! டிவியோடு சேர்த்தாலும் எங்களுடையது ஐந்துதான்.

ஒவ்வொன்றுக்கும் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த பன்னிரண்டு இலக்க அடையாளம், அதாவது மேக் முகவரி, உண்டு. முதல் ஆறைத் தேடினால் தயாரித்த நிறுவனம் தெரியும். ஆனால் ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் நெட்வொர்க்குக்கு ஒன்றாகப் புனைமுகவரி காட்டுகின்றன. இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ என்றால் பெரும்பாலும் அதுதான். வைஃபையின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் இரண்டுக்கும் தனிப் பெயர் வைத்திருந்ததால் என் போனே இரண்டு தடவை நின்றது.

சரி என்று எங்கள் சாதனங்களின் வைஃபையை ஒவ்வொன்றாக அணைத்து, பட்டியலில் மறைவதை நோட்டில் அடித்துக்கொண்டே வந்தேன். சில உடனே மறையாது, பொறுமை வேண்டும்.

மிச்சம் மூன்று. மாடியில் வாடகைக்கு இருக்கும் புனலூர்ப் பையன்கள்! போன ஓணத்துக்குப் பாயசம் கொண்டுவந்தபோது அம்மாவே பாஸ்வேர்டைச் சொல்லியிருக்கிறாள்.

பாஸ்வேர்டை மாற்றி, பாஸ்வேர்டு அடிக்காமலே பொத்தானை அழுத்தி இணையவிடும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்தேன். பையன்களுக்கு வேகம் குறைத்து ஒரு கெஸ்ட் நெட்வொர்க், அதாவது விருந்தாளிகளுக்கான தனி வைஃபை. புதுப் பாஸ்வேர்டை அம்மாவிடம் சொல்லவில்லை, அவள் போனில் நானே போட்டுக் கொடுத்துவிட்டேன்.