கிளாட் தேர்வில் வாதத்தின் மைய முடிவைக் கண்டறியும் முறை

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கிளாட், 2020-ஆம் ஆண்டிலிருந்து பத்தி அடிப்படையிலான வினாக்களுக்கு மாறிவிட்டது. இளநிலைத் தேர்வில் 120 நிமிடங்களில் 120 வினாக்கள். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் 0.25 மதிப்பெண் கழிக்கப்படும். திருச்சிராப்பள்ளியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இளநிலைச் சட்டம் படிக்க விரும்புவோரும் இதைத்தான் எழுதுகிறார்கள். இதன் தருக்கப் பகுதியில் மைய முடிவை நேரடியாகக் கேட்கும் வினாக்கள் சிலவே என்றாலும், வாதத்தை வலுப்படுத்துவது எது, பலவீனப்படுத்துவது எது, ஆசிரியர் சொல்லாமலே எடுத்துக்கொண்ட அனுமானம் எது என்ற வினாக்களுக்கும் முடிவு எதுவென்று தெரியாமல் விடையளிக்க முடியாது. ஆகையால் முதலில் பழக வேண்டிய திறன் இது. தேர்வு ஆங்கிலத்தில் நடந்தாலும், முறை விளங்குவதற்காக இங்கே தமிழ்ப் பத்திகளையே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: வினா எதைக் கேட்கிறது என்று பாருங்கள்

‘மெயின் கன்குளூஷன்’ என்று கேட்டால், ஆசிரியர் பத்தியில் ஏற்கெனவே நிலைநாட்ட முயன்ற கூற்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். ‘கேன் பி இன்ஃபர்ட்’ என்று கேட்டால், பத்தியிலிருந்து நீங்கள் வருவிக்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேலைகள். அத்துடன், வாதம் சரியா தவறா என்ற தீர்ப்பை இங்கே யாரும் கேட்கவில்லை. உங்களுக்கு அறவே உடன்பாடில்லாத கருத்தும் அந்தப் பத்தியின் மைய முடிவாக இருக்கலாம்.

படி 2: யாருடைய குரல் என்று பிரியுங்கள்

கீழே உள்ள பத்தியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

“மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியதோடு அரசின் வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், மாநகராட்சி ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன் இந்த அமைப்புகளை ஆய்வு செய்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே இவை கட்டாயமாக்கப்பட்டன. ஆனால் வடிகட்டும் குழியில் உள்ள மணலையும் ஜல்லியையும் அவ்வப்போது எடுத்து அலசிப் போடாவிட்டால், சேறு படிந்து குழி அடைத்துக்கொள்ளும். குழியில் இறங்காத நீர் தெருவுக்குத்தான் ஓடும். எனவே பராமரிப்பு இல்லாத அமைப்பு இருந்தும் பயனில்லை.”

முதல் வாக்கியம் பிறருடைய கருத்து. ‘பலர் நினைக்கிறார்கள்’, ‘பொதுவாகச் சொல்லப்படுகிறது’, ‘விமர்சகர்கள் கூறுகிறார்கள்’ என்பன போன்ற தொடர்களைக் கண்டால், அடுத்து ஓர் ‘ஆனால்’ அல்லது ‘உண்மையில்’ வருகிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் ஆசிரியரின் சொந்த நிலைப்பாடு அதற்குப் பிறகே தொடங்கும். 2003 என்ற ஆண்டைச் சொல்லும் வாக்கியம் வெறும் பின்னணி. இரண்டையும் ஒதுக்கினால் மிஞ்சுவன மூன்று: ஆய்வு வேண்டும் என்பது, குழி அடைத்து நீர் தெருவுக்கு ஓடிவிடும் என்பது, பயனில்லை என்பது.

படி 3: ஒவ்வொன்றையும் ‘ஏன்?’ என்று கேளுங்கள்

ஒரு கூற்றைப் பார்த்து ‘ஏன் அப்படி?’ என்று கேட்டு, அதற்கான பதில் பத்திக்குள்ளேயே கிடைத்தால் அக்கூற்று ஒரு முடிவு. பதில் கிடைக்காவிட்டால் அது எடுகூற்று, அதாவது முடிவைத் தாங்கி நிற்கும் ஆதாரம். அலசாவிட்டால் குழியில் சேறு ஏன் படிகிறது என்பதற்கு இப்பத்தியில் விளக்கம் இல்லை. எனவே அது ஆதாரம். பராமரிப்பில்லாத அமைப்பு ஏன் பயனற்றது என்று கேட்டால், குழி அடைத்துக்கொள்ளும் என்ற பதில் இருக்கிறது. ஆய்வு ஏன் வேண்டும் என்று கேட்டாலும், பராமரிக்காவிட்டால் பயனில்லை என்ற பதில் இருக்கிறது. ஆக, முடிவாகக்கூடிய கூற்றுகள் இரண்டு இருக்கின்றன. தொடக்கநிலையாளர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

படி 4: இரண்டுக்கும் நடுவே ‘எனவே’ போட்டுப் பாருங்கள்

“பராமரிப்பில்லாத அமைப்பால் பயனில்லை, எனவே மாநகராட்சி ஆண்டுதோறும் ஆய்வு செய்ய வேண்டும்.” இது இயல்பாகப் பொருந்துகிறது. “மாநகராட்சி ஆண்டுதோறும் ஆய்வு செய்ய வேண்டும்; எனவே பராமரிப்பில்லாத அமைப்பால் பயனில்லை.” இது பொருந்தவில்லை. எந்தக் கூற்று மற்றொன்றைத் தாங்குகிறதோ அது இடைமுடிவு. தாங்கப்படுவதே மைய முடிவு. இந்தப் பத்தியில் ‘எனவே’ என்ற சொல் இடைமுடிவின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. மைய முடிவோ ‘எனவே’ போன்ற எந்த அடையாளச் சொல்லும் இல்லாமல் இரண்டாம் வாக்கியமாக வந்துவிட்டது. ‘தேர்ஃபோர்’, ‘ஹென்ஸ்’, ‘தஸ்’ ஆகிய சொற்களைக் கண்டதும் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போகச் சொல்லும் குறுக்குவழியை நான் நம்பாததற்குக் காரணம் இதுவே. அச்சொற்கள் ஏதோ ஒரு முடிவைக் காட்டும்; மைய முடிவைத்தான் காட்டும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

வாக்கியம் பத்தியில் வரும் இடத்தை வைத்துத் தீர்மானிப்பதும் அப்படித்தான். தமிழில் ‘மழை பெய்ததால் ஆட்டம் நின்றது’ என்று காரணத்தை முன்னால் வைத்தே பேசிப் பழகியவர்கள் கடைசி வாக்கியத்தில் முடிவைத் தேடுவது இயல்பு. ஆங்கிலக் கட்டுரையாளர் முடிவை முதலில் சொல்லிவிட்டு, ‘பிகாஸ்’, ‘சின்ஸ்’, ‘ஃபார்’ என்று காரணங்களைப் பின்னால் அடுக்குவது சாதாரணம். ‘நியாயம்’ எனப்படும் நம் பழைய தருக்க மரபின் ஐந்து உறுப்புகள் கொண்ட அனுமானத்தில்கூட, ‘இம்மலையில் நெருப்பு உண்டு’ என்ற கூற்று பிரதிக்ஞையாக (நிறுவ எடுத்துக்கொண்ட கூற்றாக) முதலிலும் நிகமனமாக (நிறுவப்பட்ட முடிவாக) இறுதியிலும் வருகிறது. ‘புகை இருப்பதால்’ என்ற ஏது, அதாவது காரணம், இடையில் நிற்கிறது.

படி 5: விடைகளைப் பார்க்கும் முன் உங்கள் சொற்களில் சொல்லுங்கள்

‘கார்ப்பரேஷன் வருஷா வருஷம் செக் பண்ணணும்’ என்று மனத்துக்குள் சொன்னாலும் போதும். அதன்பின் விடைகளைப் பாருங்கள்.

அ) பராமரிக்கப்படாத மழைநீர் சேகரிப்பு அமைப்பால் பயனில்லை.
ஆ) கட்டாயமாக்கியதோடு அரசின் பொறுப்பு நிறைவடைந்துவிட்டது.
இ) மழைநீர் சேகரிப்பு அமைப்புகளை நகர நிர்வாகம் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.
ஈ) ஆண்டுதோறும் ஆய்வு நடந்தால் நகரின் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்துவிடும்.

‘அ’ இடைமுடிவு, ‘ஆ’ எதிர்த்தரப்பின் கருத்து. ‘ஈ’ ஆசிரியர் எங்கும் தராத வாக்குறுதி. ஆய்வு தேவை என்றவர், அது மட்டுமே போதும் என்று சொல்லவில்லை. விடை ‘இ’. பத்தியின் சொற்கள் அப்படியே இல்லையே என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். சரியான விடை பெரும்பாலும் வேறு சொற்களில் வரும். தவறான விடைகளே பல நேரம் பத்தியின் சொற்களை அப்படியே தூக்கிக்கொண்டு வரும்.

முடிவு மறுப்பாக வரும்போது

இன்னொரு வகைக்குத் தனிக் கவனம் தேவை. “கைபேசி வந்ததால்தான் நூலகங்களில் புத்தகம் எடுப்போர் குறைந்தனர் என்கிறார்கள். இதை ஏற்க முடியாது. அந்தக் குறைவு கைபேசி பரவுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது” என்ற பத்தியில், மைய முடிவு ‘இதை ஏற்க முடியாது’ என்ற சிறு வாக்கியம். ‘இதை’ என்பது எதைக் குறிக்கிறது என்று விரித்து எழுதினால், ‘நூலகப் பயன்பாடு குறைந்ததற்குக் கைபேசியே காரணம் என்று கொள்ள இயலாது’ என்று வரும். ‘கைபேசி வாசிப்பை வளர்த்திருக்கிறது’ என்ற விடை கவர்ச்சியாகத் தெரிந்தாலும் தவறு. ஒரு கூற்றை மறுப்பவர் அதன் நேரெதிர்க் கூற்றை ஏற்கிறார் என்றாகிவிடாது. ‘புத்தகம் எடுப்போர் குறையவில்லை’ என்ற விடையும் தவறு. குறைவை ஆசிரியரே ஒப்புக்கொள்கிறார், காரணத்தை மட்டுமே மறுக்கிறார்.

ஏறத்தாழ 450 சொற்கள் வரை நீளும் தேர்வுப் பத்திகளில் இந்தப் படிகளை வாக்கியம் வாக்கியமாகச் செய்ய நேரம் போதாது. அங்கே ஒவ்வொரு உட்பகுதியும் என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் ஓரத்தில் ‘பின்னணி’, ‘எதிர்’, ‘ஆதாரம்’, ‘முடிவு’ என்று ஒற்றைச் சொல்லால் குறித்துக்கொண்டு, ‘முடிவு’ என்ற குறிப்பு இரண்டு இடங்களில் விழுந்தால் மட்டும் ‘எனவே’ சோதனைக்குப் போங்கள்.