இரண்டாவது அம்பைத் தவிர்க்கும் பயிற்சி

சல்லத்த சுத்தம் என்ற பாலி மொழி உரையில் புத்தர் ஓர் உவமை சொல்கிறார். அம்பு தைத்த ஒருவன்மீது உடனே இன்னோர் அம்பும் தைத்தால் எப்படியோ, அப்படியே பயிற்சியில்லாதவன் வலி வந்ததும் புலம்பி, உடல்வலியோடு மனவலியையும் சுமக்கிறான். பயிற்சி பெற்றவனுக்கு முதல் அம்பு மட்டுமே. கோபத்தைக் கையாள விரும்புகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

தம்பிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறீர்கள். நீலக்குறி விழுந்தும் மாலைவரை பதில் இல்லை. தாடை இறுகுகிறது, காதுமடல் சூடேறுகிறது. பௌத்தம் இந்த முதல் உணர்வை வேதனா என்கிறது. தமிழில் வேதனை துன்பத்தையே குறிக்க, பாலியில் அச்சொல் இன்பத்தையும் இரண்டுமற்ற நிலையையும் சேர்த்துக் குறிக்கும். ‘அவனுக்கு என்மேல் மதிப்பே இல்லை’ என்று மனம் கதை கட்டத் தொடங்கும்போதுதான் இரண்டாவது அம்பு பாய்கிறது.

அதற்கு முன்பே, இறுகிய தாடையில் கவனத்தை நிறுத்தி, மூன்று முறை நிதானமாக மூச்சுவிட்டு, ‘கோபம் வந்திருக்கிறது’ என்று மனத்துக்குள் பெயர் சொல்லுங்கள். உணர்ச்சி ததும்பும் முகப்படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவின் செயல்பாடு தணிந்ததை மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கோபத்தை விழுங்கிவிடுவது வேறு: முகத்தில் காட்டாமல் அடக்கினால் உள்ளே துயரம் குறைவதில்லை, உடலின் பதற்றமோ கூடுகிறது என்பது உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸின் ஆய்வுகளில் தெரியவந்தது.

பிறகு எண்ணத்தை மாற்றுங்கள். தச்சன் பருத்த முளையை மெல்லிய முளையால் அடித்து வெளியேற்றுவதுபோல, தீய எண்ணத்தை நல்லெண்ணத்தால் அகற்றலாம் என்று புத்தரின் உரைத்தொகுப்புகளில் ஒன்றான மச்சிம நிகாயம் கூறுகிறது. தம்பி வண்டியோட்டிக்கொண்டிருக்கலாம், வேலை நெருக்கடியில் இருக்கலாம் என்று நினைப்பதும் அத்தகைய முளையே. உளவியலார் இதனை மறுமதிப்பீடு என்பர்.

இனிய உணர்ச்சியையும் இப்படியே கவனிக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். விரும்பியது கிடைத்தாலே மகிழ்ச்சி நிலைத்துவிடும் என்பதில்லை. லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேர் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவுக்கு மகிழ்ச்சியாக இல்லை என்று பிரிக்மன் குழுவினர் 1978இல் எழுதினர். உளவியல் பெரும்பாலும் இனியது, இன்னாதது என்று உணர்ச்சிகளைப் பிரிக்க, பௌத்தமோ இனிமைக்குள் ஒளிந்திருக்கும் பற்றையும் மனமாசு என்கிறது. தேநீரின் முதல் மிடறு நாக்கில் இருக்கும்போதே அடுத்ததற்குக் கை குவளையை உயர்த்துகிறதா என்று பாருங்கள். உயர்த்தினால், குவளையைக் கீழே வைத்து முதல் மிடற்றைச் சுவைத்து முடியுங்கள்.

தினமும் பத்து நிமிடம், கோபமில்லாத வேளையிலேயே, மூச்சைக் கவனித்துப் பழகுங்கள். ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய மனக்கவனப் பயிற்சி எட்டு வாரங்கள் நீள்கிறது. நீங்களும் அவ்வளவு காலமாவது கொடுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் குலைந்திருந்தால், இதனுடன் நில்லாமல் மனநல மருத்துவரையும் பாருங்கள்.