ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் 'டு'வா, 'வித்'தா, 'அட்'டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகள் எழுதும் ஆங்கிலக் கட்டுரையைப் பார்த்தால், காலம், ஒருமை பன்மை எல்லாம் ஓரளவு சரியாகவே இருக்கும், வினைக்கோ, 'குட்' போன்ற பெயரடைக்கோ பின்னால் வரும் 'டு', 'வித்' போன்ற சின்னச் சொல்லில்தான் கோட்டை விடுவார்கள். 'டீச்சரோடு கல்யாணம்' என்கிறோம், மலாய் மொழியிலும் அந்த 'ஓடு'வுக்கு 'டெங்கான்' வருகிறது, அதனால் கை தானாக 'மேரிட் வித்' என்று எழுதிவிடும். ஆங்கிலத்தில் அது 'மேரிட் டு அ டீச்சர்'.

எனவே முதலில், தமிழ் வேற்றுமை உருபைப் பார்த்து எழுதுவதை விடுங்கள். 'நாய்க்குப் பயப்படுகிறேன்' என்பதில் 'கு' இருந்தாலும் 'அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்'தான். நோட்டில் 'டிபெண்ட்' என்று தனியாக எழுதவே எழுதாதீர்கள், 'டிபெண்ட் ஆன்' என்று ஜோடியாக எழுதி, பக்கத்திலேயே நம் ஊர் வாக்கியம் ஒன்றையும் சேருங்கள்: 'திஸ் டவுன் டிபெண்ட்ஸ் ஆன் த எஸ்டேட்ஸ்.'

அடுத்தது, எதுவுமே வேண்டாத வினைகள். 'டிஸ்கஸ் அபௌட்' தவறு, 'வி டிஸ்கஸ்ட் த பிராப்ளம்' போதும். ஆனால் அதுவே பெயர்ச்சொல்லானால் 'அ டிஸ்கஷன் அபௌட் த பிராப்ளம்' சரி, குழப்பமே இங்கிருந்துதான் தொடங்குகிறது. அறைக்குள் நுழைவதற்கும் 'என்டர் த ரூம்' மட்டும்.

அப்புறம், ஒரே சொல்லுக்கு இரண்டு ஜோடி. ஆள்மேல் கோபம் என்றால் 'ஆங்க்ரி வித்', விஷயத்தைப் பற்றி என்றால் 'ஆங்க்ரி அபௌட்'. கணக்கில் கெட்டி 'குட் அட் மேத்ஸ்', உடம்புக்கு நல்லது 'குட் ஃபார் ஹெல்த்'. ஈப்போ போய்ச் சேர்ந்தால் 'அரைவ்ட் இன் ஈப்போ', ரயில் நிலையம் என்றால் 'அரைவ்ட் அட் த ஸ்டேஷன்'. 'அரைவ்ட் டு' கிடையவே கிடையாது.

இந்தச் சின்னச் சொல்லுக்குப் பின் ஒரு வினை வந்தால் 'இங்' சேரும்: 'குட் அட் குக்கிங்'. இதில் 'டு' மட்டும் ஆளைக் குழப்பும், ஏனென்றால் 'வான்ட் டு சீ' என்பதும் உண்டு, 'லுக் ஃபார்வர்ட் டு சீயிங்' என்பதும் உண்டு. எது எப்போது என்று தெரிய 'டு'வுக்குப் பின் 'இட்' போட்டுப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' நிற்கிறது, ஆகவே 'இங்' வேண்டும். 'ஐ வான்ட் டு இட்' நிற்கவில்லை, அங்கே 'இங்' வராது. இடைநிலைப்பள்ளி முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வில் கடிதமோ மின்னஞ்சலோ எழுதி முடிக்கும்போது இதை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத் தாளைக் கொடுங்கள்.