விண்டோஸ் 98-ஐப் பழைய கணினியில் ஏற்றி அந்தக் கால கேம்களை ஓட்டுவது எப்படி?

பரணில் கிடந்த பென்டியம் 3 கணினியைத் தூசி தட்டி எடுப்பவர்கள், கையில் இருக்கும் ரேம் அத்தனையையும் அதில் செருகி, கிடைப்பதிலேயே பெரிய ஹார்ட் டிஸ்க்கையும் மாட்டிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. விண்டோஸ் 98 வசதி குறைந்தால் மெதுவாக ஓடும். வசதி மிஞ்சினால் விழுந்தே விடும். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல், அதற்கு எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதைப் பற்றியவைதான்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

தேவையானவை

1999-இல் வந்த செகண்ட் எடிஷன் சிடியும் அதற்குரிய சாவி எண்ணும் வேண்டும். 1998-இல் வந்த முதல் பதிப்பு வேண்டாம். யுஎஸ்பி விஷயத்தில் அது ரொம்பவே படுத்தும்.

பிராசஸர் 500 மெகாஹெர்ட்ஸ் முதல் 1 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள பென்டியம் 3. இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள மதர்போர்டு கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம். கிராஃபிக்ஸ் அட்டைக்கான ஏஜிபி ஸ்லாட், பழைய ஒலி அட்டைக்கான ஐஎஸ்ஏ ஸ்லாட் இரண்டும் அதில் இருக்கும். டிரைவர் தொல்லையும் குறைவு.

ரேம் 256 எம்பி. கிராஃபிக்ஸுக்கு ஜிஃபோர்ஸ் 2 எம்எக்ஸ் போதும். வூடூ அட்டைகளுக்கே உரிய கிளைடு முறையில் எழுதப்பட்ட கேம்கள்தான் உங்கள் குறி என்றால் வூடூ 3 வாங்குங்கள். ஒலிக்கு ஐஎஸ்ஏ சவுண்ட் பிளாஸ்டர் 16 அல்லது ஏடபிள்யூஇ64. பிசிஐ ஒலி அட்டைகள் விண்டோஸ் கேம்களுக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய, கட்டளை தட்டி இயக்கும் சிஸ்டம்) கேம்களுக்கு அவை சவுண்ட் பிளாஸ்டர் போல நடிக்க வேண்டியிருக்கிறது. அந்த நடிப்பு எல்லாக் கேம்களிடமும் எடுபடாது.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 16 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டும், அதை ஐடிஇ கேபிளில் (அந்தக் கால ஹார்ட் டிஸ்க் கேபிள்) மாட்டும் அடாப்டரும். சத்தம் இல்லை, சூடு இல்லை. எல்லாவற்றையும் விட, கார்டைக் கழற்றிப் புதுக் கணினியின் கார்டு ரீடரில் செருகினால் கேம் கோப்புகளை நேராக நகலெடுத்துவிடலாம். விண்டோஸ் 98-க்கு யுஎஸ்பி பென் டிரைவ் டிரைவர் தேடி அலைய வேண்டாம்.

கூடவே ஒரு சிஆர்2032 பேட்டரி. பழையது செத்திருந்தால் ஒவ்வொரு முறை மின்சாரத்தை அணைக்கும்போதும் பயாஸ் (கணினி தொடங்கியதும் முதலில் ஓடும் நிரல்) அமைப்புகள் அழிந்துபோகும். மின்சாரம் கொடுக்கும் முன் மதர்போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ அந்தப் போர்டை இயக்காதீர்கள்.

ஏன் பெரிய டிஸ்க் வேண்டாம்?

மூன்று வேலிகள் இருக்கின்றன. 1999 வாக்கில் வந்த பல பயாஸ்கள் சுமார் 33.8 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கைக் கண்டால் அங்கேயே உறைந்து நின்றுவிடும். சிடியில் வரும், டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் என்ற கருவி, 64 ஜிபியைத் தாண்டிய டிஸ்க்கின் அளவைத் தப்பாகக் காட்டும். மூன்றாவதுதான் ஆபத்தானது. விண்டோஸ் 98-இன் சொந்த டிஸ்க் டிரைவருக்கு 137 ஜிபிக்கு அப்பால் முகவரி தெரியாது. அந்த எல்லையைத் தாண்டி எழுதும்போது டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் எழுதி, இருக்கும் கோப்புகளைச் சிதைத்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. 16 ஜிபி கார்டு மூன்று வேலிகளுக்கும் உள்ளே நிற்கிறது. அந்தக் கால கேம்களுக்கு அதுவே தாராளம்.

படி 1: கார்டைத் தயார் செய்தல்

அடாப்டரின் ஜம்பரை மாஸ்டரில் வைத்து முதல் ஐடிஇ கேபிளில் மாட்டுங்கள். சிடி டிரைவை இரண்டாவது கேபிளில் தனியாக வையுங்கள். அடாப்டருக்கான மின் இணைப்பையும் மறக்க வேண்டாம்.

சிடியிலிருந்து பூட் செய்யுங்கள். எல்லா சிடியும் பூட் ஆகாது. ஆகாவிட்டால் ஸ்டார்ட்டப் ஃபிளாப்பி வேண்டும். வரும் பட்டியலில் சிடி ரோம் வசதியுடன் தொடங்கு என்பதைத் தேர்ந்தெடுத்து, எஃப்டிஸ்க் என்று தட்டுங்கள். பெரிய டிஸ்க் வசதி வேண்டுமா என்று கேட்டால் ஒய். வேண்டாம் என்றால் 2 ஜிபிக்கு மேல் பார்ட்டிஷன் போட முடியாது. பிரைமரி பார்ட்டிஷன் ஒன்று போட்டு, அதை ஆக்டிவ் ஆக்கி, மறுபடி பூட் செய்யுங்கள்.

இப்போது இந்த ஒரு வரி:

எஃப்டிஸ்க் /எம்பிஆர்

புதுக் கார்டுகள் பலவற்றில் பூட் செய்வதற்கான தொடக்க நிரல் இருப்பதில்லை. பார்ட்டிஷன் சரி, ஃபார்மேட் சரி, விண்டோஸ் கோப்புகளும் ஏறிவிடும். ஆனால் மறுபடி பூட் செய்தால் கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் மினுக்கும். கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. இந்த வரியைத் தட்டினால் அந்த நிரல் எழுதப்பட்டுவிடும்.

பிறகு ஃபார்மேட் சி: கொடுங்கள்.

படி 2: சிடியை முழுதாகக் கார்டுக்கு மாற்றுதல்

சிடி டிரைவின் எழுத்து இங்கே பலரைக் குழப்பும். ஸ்டார்ட்டப் டிஸ்க், நினைவகத்தில் 2 எம்பி அளவுக்குப் பொய்யான டிரைவ் ஒன்றை உருவாக்கித் தன் கருவிகளை அதில் வைத்துக்கொள்கிறது. அது டி-யைப் பிடித்துக்கொள்வதால் சிடி டிரைவ் ஈ-க்குத் தள்ளப்படும். டி-யில் சிடியைத் தேடி, டிரைவ் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஈ: டிரைவில் வின்98 ஃபோல்டருக்குள் போய், முதலில் ஸ்மார்ட்டிரைவ் என்பதை இயக்குங்கள். கோப்புப் பெயர் ஆங்கிலத்தில் 8 எழுத்துக்குள் சுருக்கி, எஸ்எம்ஏஆர்டிடிஆர்வி என்று இருக்கும். டாஸில் கோப்பு நகலெடுப்பதை இது பல மடங்கு வேகமாக்கும். பிறகு சி-யில் வின்98 என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி எல்லாவற்றையும் அதில் நகலெடுத்து, அங்கிருந்தே செட்டப்பை ஓட்டுங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு டிரைவர் நிறுவும்போதும் விண்டோஸ் 98 சிடியைக் கேட்டு நச்சரிக்கும். கார்டிலிருந்து நிறுவினால் அது தானாக அங்கேயே தேடி எடுத்துக்கொள்ளும்.

செட்டப்பில் சொல்ல ஒன்றுமில்லை. டிபிக்கல் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

படி 3: டிரைவர்கள், இந்த வரிசையில் மட்டும்

சிப்செட், டைரக்ட்எக்ஸ், கிராஃபிக்ஸ், ஒலி. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒருமுறை மறுதொடக்கம். சிப்செட் டிரைவரை விட்டுவிட்டுக் கிராஃபிக்ஸுக்குத் தாவினால் ஏஜிபி சரியாக இயங்காமல், 3டி கேம் தொடங்கியதும் திரை உறைந்துவிடும்.

புதிய டிரைவர்தான் நல்ல டிரைவர் என்ற பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். என்விடியா விண்டோஸ் 98-க்குக் கடைசியாக வெளியிட்டது 81.98. அது பின்னால் வந்த அட்டைகளுக்காக எழுதப்பட்டது. ஜிஃபோர்ஸ் 2, 4 வகைகளுக்கு 45.23-ஐயே பரிந்துரைப்பேன், பழைய கேம்கள் அதில்தான் ஒழுங்காக ஓடுகின்றன. டைரக்ட்எக்ஸிலும் அப்படித்தான். நிறுவியதைத் திரும்ப நீக்க வழியில்லை. அதனால் நேராக 9.0சி-க்குப் போகாமல் 7 அல்லது 8.1-இல் நில்லுங்கள், கேம் கேட்டால் மேலே ஏறலாம்.

படி 4: ரேம். இங்கேதான் நிதானம் வேண்டும்

512 எம்பிக்கு மேல் ரேம் இருந்தால், விண்டோஸ் நினைவகம் போதவில்லை என்று சொல்லித் தொடங்க மறுக்கும். அல்லது தொடங்கிவிட்டு, டாஸ் சாளரம் திறக்கும்போது அதே புகாரைச் சொல்லும். ரேம் கூடுதலாக இருக்கும்போது ரேம் போதவில்லை என்கிறதே என்று தோன்றும். அது சொல்வது உண்மைதான். தட்டுப்பாடு ரேமில் இல்லை, முகவரிகளில்.

விண்டோஸ் 98 தன் சொந்த வேலைகளுக்கென்று 3 ஜிபிக்கும் 4 ஜிபிக்கும் இடைப்பட்ட 1 ஜிபி முகவரிப் பகுதியை ஒதுக்கி வைத்திருக்கிறது. வீகேச் என்ற கோப்புத் தேக்கம் அந்தப் பகுதியில்தான் இடம் பிடிக்கும். எவ்வளவு பிடிப்பது என்பதை, கணினியில் எவ்வளவு ரேம் இருக்கிறது என்று பார்த்து அதுவே முடிவு செய்கிறது. ரேம் கூடக் கூட அது வளைத்துப் போடும் பகுதியும் கூடும். ஏஜிபி அட்டைக்கான ஜன்னலும் (அப்பர்ச்சர்) அதே இடத்தில்தான் வர வேண்டும். கடைசியில் ஒரு டாஸ் சாளரம் திறக்கக்கூட முகவரி மிஞ்சாது.

எளிய தீர்வு, ஒரு ரேம் பட்டையைக் கழற்றிவிடுவது. 256 எம்பியில் இந்தச் சிக்கல் எட்டிப் பார்க்காது. கழற்ற மனமில்லை என்றால் வீகேச்சுக்கு வரம்பு கட்டலாம்:

கணினி தொடங்கும்போது கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடியுங்கள். வரும் பட்டியலில் கமாண்ட் பிராம்ப்ட் ஒன்லி என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய், எடிட் சிஸ்டம்.ஐஎன்ஐ என்று தட்டுங்கள். சதுர அடைப்புக்குள் வீகேச் என்ற தலைப்பு ஏற்கனவே இருக்கும். புதிதாக இன்னொரு தலைப்பு போடாமல், அதன் கீழேயே இதை எழுதுங்கள்:

மேக்ஸ்ஃபைல்கேச்=262144

எண் கிலோபைட்டில் இருக்கிறது. 256 எம்பியை 1024-ஆல் பெருக்கினால் வருவது. இடைவெளி கூடாது, எண்ணுக்குள் காற்புள்ளி கூடாது. 256 என்று மட்டும் எழுதினால் தேக்கம் கால் எம்பியாகச் சுருங்கி, கணினி நத்தையாகிவிடும்.

ரேம் 1 ஜிபியைத் தாண்டினால் இன்னொரு வரியும் வேண்டும். அதே கோப்பில் 386என்ஹ் தலைப்பின் கீழ்:

மேக்ஸ்ஃபிஸ்பேஜ்=40000

இது பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண். 4 கிலோபைட் பக்கங்களின் எண்ணிக்கை. 40000 என்றால் சரியாக 1 ஜிபி. 20000 போட்டால் 512 எம்பியோடு நின்றுவிடும். பயாஸில் ஏஜிபி அப்பர்ச்சர் அளவையும் 64 எம்பிக்கு இறக்குங்கள்.

அதே தலைப்பின் கீழ் கன்சர்வேட்டிவ்ஸ்வாப்ஃபைல்யூசேஜ்=1 என்றும் சேர்த்துவிடுங்கள். ரேம் தீரும்வரை, ரேமுக்கு மாற்றாக டிஸ்க்கில் வைத்திருக்கும் ஸ்வாப் கோப்பை விண்டோஸ் தொடாது. கார்டில் தேவையில்லாத எழுத்துவேலை குறையும்.

படி 5: டிஎம்ஏ

டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ்ஸ் கீழே உள்ள ஐடிஇ டிஸ்க்கைத் திறந்து, செட்டிங்ஸில் டிஎம்ஏ (பிராசஸரை நடுவில் இழுக்காமல் தரவை நேராக ரேமுக்கு மாற்றும் முறை) பெட்டியை டிக் செய்யுங்கள். வேகம் நன்றாகக் கூடும். ஆனால் மலிவான அடாப்டர்கள் சிலவற்றில் டிஎம்ஏ-வுக்கான கம்பிகளே இணைக்கப்பட்டிருக்காது. அப்படியானால் அடுத்த பூட்டில் கணினி நின்றுவிடும். பதற வேண்டாம், சேஃப் மோடில் போய் டிக்கை எடுத்துவிட்டு, அடாப்டரை மாற்றுங்கள்.

படி 6: டாஸ் கேம்கள்

பாதிக் கேம்கள் விண்டோஸுக்குள்ளேயே ஓடிவிடும். ஓடாதவற்றில் முதலில் பார்க்க வேண்டியது, கேம் கோப்பின் பிராப்பர்ட்டிஸில் மெமரி பக்கம். அங்கே எக்ஸ்எம்எஸ் (1 எம்பிக்கு மேற்பட்ட நினைவகம்) ஆட்டோ என்று இருப்பதை 16384 ஆக்குங்கள். பழைய கேம்களுக்குப் பெரிய எண்களை எண்ணத் தெரியாது. ரேம் ஏராளமாகத் தெரிந்தால் கணக்குத் தப்பி, நினைவகம் போதவில்லை என்று வெளியேறிவிடும்.

மற்றவற்றுக்கு ரீஸ்டார்ட் இன் எம்எஸ்-டாஸ் மோட். அதற்கு கான்ஃபிக்.சிஸ் கோப்பில் இந்த வரிசை:

டிவைஸ்=சி:\விண்டோஸ்\ஹைமெம்.சிஸ்
டிவைஸ்=சி:\விண்டோஸ்\இஎம்எம்386.இஎக்ஸ்இ ரேம்
டாஸ்=ஹை,யுஎம்பி

ஹைமெம் முதலில் வர வேண்டும். மாற்றிப் போட்டால் அடுத்தது ஏறாது. மவுஸுக்கு க்யூட்மவுஸ் என்ற இலவச டிரைவரையே பயன்படுத்துங்கள். நினைவகத்தில் மிகக் குறைந்த இடத்தைத்தான் பிடிக்கும். சிடி டிரைவுக்கு ஸ்டார்ட்டப் டிஸ்க்கில் உள்ள ஓக்சிடிரோம்.சிஸ் போதும். கான்ஃபிக்.சிஸ்ஸில் அதற்கு /டி: என்று ஒரு பெயர் கொடுப்பீர்கள். சிடிக்கு டிரைவ் எழுத்து தரும் எம்எஸ்சிடெக்ஸ் வரியிலும் எழுத்துக்கு எழுத்து அதே பெயர்தான் வர வேண்டும். அந்த வரியை விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள டாஸ்ஸ்டார்ட்.பேட் கோப்பில் எழுதினால், டாஸ் மோடுக்குப் போகும்போது மட்டும் ஏறும்.

மெம் என்று தட்டி, ஓட்டக்கூடிய மிகப்பெரிய நிரலின் அளவைப் பாருங்கள். 600 கிலோபைட்டுக்கு மேல் இருந்தால் பெரும்பாலான கேம்களுக்குப் போதும்.

ஒலி வராவிட்டால் ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1 எச்5 டி6 என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். போர்ட் 220, ஐஆர்க்யூ (அட்டை பிராசஸரை அழைக்கும் தடம்) 5, டிஎம்ஏ 1, உயர் டிஎம்ஏ 5, அட்டை வகை 6. தமிழில் ஒன்றாகத் தெரியும் இரண்டு டி-க்களில் முதலாவது டிஎம்ஏ-வில் வரும் டி, கடைசியில் இருப்பது டைப் என்பதில் வரும் டி. கேமின் செட்டப்பிலும் இதே எண்கள் வர வேண்டும். ஐஆர்க்யூ 7 என்று சில கேம்கள் தாமாக எடுத்துக்கொள்ளும். அது வழக்கமாகப் பிரின்டர் போர்ட்டின் இடம்.

பிற்சேர்க்கை 1: ரன்டைம் எர்ரர் 200

டர்போ பாஸ்கலில் எழுதிய கேம்கள் தொடங்கியதுமே இந்தப் பிழையோடு நின்றுவிடும். கேம் பழுதில்லை, பிராசஸர் வேகம் மிஞ்சிவிட்டது. தொடங்கும்போது அந்த நிரல், 55 மில்லிசெகண்டில் எத்தனை சுற்று சுற்ற முடிகிறது என்று எண்ணி அதை 55-ஆல் வகுக்கிறது. விடை 65535-ஐத் தாண்டினால் வைக்க இடமில்லை. பூஜ்யத்தால் வகுத்ததாகப் பிராசஸர் புகார் சொல்லும். இதற்கென்றே இலவச பேட்ச்கள் இருக்கின்றன. பேட்ச் இல்லாமல் சோதிக்க வேண்டுமானால் பயாஸில் எல்1 கேச்சை அணைத்துப் பாருங்கள். பென்டியம் 3 ஒரே தாவலில் 386 காலத்துக்கு இறங்கிவிடும். தலைதெறிக்க ஓடும் கேம்களுக்கும் இதே வைத்தியம்.

பிற்சேர்க்கை 2: சத்தம் வருகிறது, பாட்டு வரவில்லை

1996-இல் வந்த குவேக் போன்ற கேம்களின் இசை, சிடியில் சாதாரண ஆடியோ டிராக்குகளாக இருக்கிறது. அது மதர்போர்டு வழியாக வராது. சிடி டிரைவின் பின்புறத்திலிருந்து ஒலி அட்டைக்கு ஒரு 4 முனைக் கேபிள் போக வேண்டும். கேபிள் இல்லையென்றால் கன்ட்ரோல் பேனலில் மல்டிமீடியா, சிடி மியூசிக் பக்கத்தில் டிஜிட்டல் சிடி ஆடியோவை டிக் செய்யுங்கள். விண்டோஸ் கேம்களுக்கு அது போதும். டாஸ் மோடுக்குக் கேபிள்தான் வழி.

பிற்சேர்க்கை 3: இணையம்

மைக்ரோசாஃப்ட் 2006 ஜூலையில் ஆதரவை நிறுத்திவிட்டது. நெட்வொர்க் அட்டையே வேண்டாம்.

எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய அன்றே கார்டைக் கழற்றி, புதுக் கணினியில் முழு இமேஜ் எடுத்து வையுங்கள். 16 ஜிபிதான். பிறகு எந்த டிரைவர் எதைக் கவிழ்த்தாலும், கார்டில் அந்த இமேஜை மறுபடி எழுதினால் போதும். எஃப்டிஸ்கிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.