பார் எக்ஸாமும் பென்சில் குறிப்பும்

வக்கீலாகத் தொடர்ந்து தொழில் செய்யப் பாஸ் செய்யவேண்டிய ஆல் இந்தியா பார் எக்ஸாமை முதல் முறை எழுதப் போனபோது, சீனியரின் பேர் ஆக்டை, அதாவது விளக்கவுரை இல்லாமல் சட்டத்தின் வாசகம் மட்டும் இருக்கும் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனேன். ஓரமெல்லாம் அவருடைய பென்சில் குறிப்புகள். குறிப்பில்லாத பேர் ஆக்டுக்குத்தான் அனுமதி என்பது விதிமுறையிலேயே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். இரண்டு மார்க்கில் போயிற்று.

புத்தகம் கையில் இருந்திருந்தாலும் போயிருக்கும் என்று பிறகுதான் புரிந்தது. 100 கேள்வி, மூன்றரை மணி நேரம். கேள்விக்கு இரண்டு நிமிடம்தான் வரும். செக்ஷன் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் அது புரட்டவே சரியாகிவிடும். பாஸ் மார்க் பொதுப்பிரிவுக்கும் ஓபிசிக்கும் 45 சதவீதம், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 40. தப்பான விடைக்கு மார்க் குறையாது. கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2023 டிசம்பரில் நடந்த தேர்வில் எழுதியவர்களில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. பார் கவுன்சிலில் வக்கீலாக என்ரோல் செய்து இரண்டு வருடத்துக்குள் பாஸ் செய்தாக வேண்டும் என்பதால், 'அடுத்த வாய்தாவில் பார்க்கலாம்' என்று ரொம்ப நாள் இருக்கவும் முடியாது.

இரண்டாவது முறை முதலில் கணக்குப் போட்டேன். அரசியலமைப்பு, சிவில் புரொசீஜர், கிரிமினல் புரொசீஜர் மூன்றும் தலா 10. தண்டனைச் சட்டம், சாட்சியச் சட்டம், குடும்பச் சட்டம், ஒப்பந்தமும் சொத்தும் சேர்ந்த பகுதி, தலா 8. ஆக ஏழு பாடத்தில் 62. வருமான வரிக்கு நான் ஒரு ராத்திரிகூடக் கண்விழிக்கவில்லை.

தாம்பரத்தில் ரயில் ஏறினால் பீச் வரை கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அதில் சட்டத்தைப் படிக்கவில்லை, முன்பக்கத்தில் இருக்கும் செக்ஷன் பட்டியலை மட்டும் படித்தேன். ஒரு வாரத்துக்கு ஒரு ஆக்ட். எந்த விஷயம் எந்த அத்தியாயத்தில் என்று கை பழகிவிட்டால் மீதியைப் புத்தகம் பார்த்துக்கொள்ளும். ஞாயிறுகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் உட்கார்ந்து, பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்தேன்.

கல்லூரியில் பழைய சட்டம் படித்தவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலை 1-லிருந்து புதிய கிரிமினல் சட்டங்கள் வந்து செக்ஷன் எண்களெல்லாம் மாறிவிட்டன. கொலைக்கு 302 போய் 103. மோசடி 420 இப்போது 318-க்குள். இதைவிட மோசம் 482. நமக்கெல்லாம் அது எஃப்ஐஆரை ரத்து செய்யக் கேட்கும் செக்ஷன். புதிய கிரிமினல் புரொசீஜர் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸில் 482 என்றால் முன்ஜாமீன், பழைய 482 இப்போது 528. பழைய எண்ணும் புதிய எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிய ஒரு தாளைக் குளியலறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தேன்.

சிவில் புரொசீஜருக்கு மட்டும் எனக்கு வாத்தியார் எங்கள் ஆபீஸ் குமாஸ்தா. எதிர்தரப்பு வராமலே கொடுத்த எக்ஸ்பார்ட்டி டிகிரியை செட் அசைடு, அதாவது ரத்து செய்ய? "ஆர்டர் ஒன்பது, ரூல் பதிமூணு." வழக்கு மனுவான பிளைன்ட்டைத் தள்ள? "ஏழு, பதினொண்ணு." இன்ஜங்ஷன் என்கிற தடையுத்தரவுக்கு? "முப்பத்தொன்பது, ஒண்ணு ரெண்டு. ஏம்மா, வக்கீலுக்குப் படிச்சிட்டு என்கிட்ட வந்து கேக்குறீங்களே?"

ஒரு மாதம் அவர் டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.