முகம் காட்டாமல் அஃபிலியேட் வருமானம்: துறையைத் தேர்வதில் நடக்கும் தவறுகள்

அஃபிலியேட் மார்க்கெட்டிங்கில், அதாவது பிறர் பொருளுக்கு லிங்க் கொடுத்து அதன் வழியே நடக்கும் விற்பனையில் கமிஷன் வாங்கும் வேலையில், இறங்குகிறவர்களில் தங்கள் பெயரும் முகமும் வெளியே தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்கள் பலர். சிலருக்கு உறவினர்களின் விசாரிப்பு பிடிக்காது. சமூக ஊடகத் தொல்லையை ஒருமுறை பார்த்துவிட்ட பெண்கள் மறுபடி புகைப்படம் போட விரும்புவதில்லை. எல்லாமே நியாயமான காரணங்கள்தான். (வேலையின் நடத்தை விதி பக்க வருமானத்தைத் தடுக்கிறது என்றால் அது வேறு விஷயம். பெயரை மறைத்தாலும் விதிமீறல் விதிமீறல்தான்.)

இவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு, எதை முதலில் யோசிப்பது என்ற வரிசையில் இருக்கிறது. கமிஷன் பட்டியலைத் திறந்து, எதற்கு அதிக சதவீதம் என்று பார்த்து ஒரு துறையைப் பிடிக்கிறார்கள். அதன் பிறகுதான் பெயரை எப்படி மறைப்பது என்று யோசிக்கிறார்கள். முகம் காட்டப்போவதில்லை என்று முடிவு செய்தவுடனேயே பாதித் துறைகள் கைவிட்டுப் போய்விடுகின்றன. அதைத் தெரிந்துகொண்டு மிச்சத்தில் தேட வேண்டும்.

கைவிட்டுப் போகும் முதல் இரண்டும் பணமும் உடல்நலமும். டிமேட் கணக்கு, கிரெடிட் கார்டு, காப்பீடு போன்றவற்றுக்குக் கிடைக்கும் கமிஷன் கண்ணைப் பறிக்கும். ஆனால் அங்கே வாசகர் வாங்குவது பொருளை அல்ல, சொல்கிறவரின் தகுதியை. தேடல் முடிவுகளைச் சரிபார்க்கும் தர மதிப்பீட்டாளர்களுக்கு கூகுள் தரும் வழிகாட்டியும் பணம், ஆரோக்கியம் சார்ந்த பக்கங்களுக்குக் கூடுதல் நம்பகத்தன்மை கேட்கிறது. 2022 டிசம்பரில் அந்த வழிகாட்டியில் நேரடி அனுபவமும் ஓர் அளவுகோலாகச் சேர்ந்தது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. எந்தப் பங்கை வாங்கலாம் என்று காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு வேண்டும். பெயரில்லாதவருக்குப் பதிவு எண் ஏது? நீரிழிவைக் குணப்படுத்தும், உடல் பருமனைக் கரைக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மாய மருந்துகள் விளம்பரச் சட்டமே தடை செய்திருக்கிறது. எடை குறைப்புப் பொடிக்கு லிங்க் போடுகிறவர்களில் எத்தனை பேர் அந்தச் சட்டத்தின் பெயரையாவது கேட்டிருப்பார்கள் என்பது சந்தேகம்.

இந்த இடத்தில்தான் பலர் அடுத்த குழியில் விழுகிறார்கள். தகுதி வேண்டும் என்றால் தகுதியுள்ள ஒருவரை உருவாக்கிவிடலாமே என்று, செயற்கை நுண்ணறிவு வரைந்த முகத்தை ஒட்டி, ‘பத்து வருட அனுபவம்’ என்று எழுதுகிறார்கள். 2023 நவம்பரில் அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் விளையாட்டு இதழின் தளத்தில் வந்த பொருள் பரிந்துரைக் கட்டுரைகளுக்கு இப்படிப்பட்ட போலி முகங்களும் பெயர்களும் இருந்ததை ஃபியூச்சரிசம் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் வெளிக்கொண்டு வந்தது. அந்தக் கட்டுரைகளைத் தயாரித்துக் கொடுத்த வெளி நிறுவனத்துடன் இதழ்த் தரப்பு உறவை முறித்துக்கொள்ளும்படி ஆனது. அவ்வளவு பெரிய பெயருக்கே அந்த கதி. புனைபெயர் வைத்துக்கொள்வதில் தவறில்லை. இல்லாத மருத்துவரையோ இல்லாத பொறியாளரையோ படைப்பதுதான் தவறு.

அப்படியானால் எது பொருந்தும்? யார் சொல்கிறார் என்பதைவிட எப்படிச் சோதித்தார் என்பது முக்கியமாக இருக்கும் துறைகள். கனடாவின் மாண்ட்ரியலில் இருந்து இயங்கும் ஆர்டிங்ஸ் தளம் டிவிக்களையும் ஹெட்போன்களையும் தன் காசில் வாங்கிச் சோதித்து அளவீடுகளை வெளியிடுகிறது. அங்கே போகிறவர் சோதித்தவரின் முகத்தைத் தேடுவதில்லை, திரையின் பிரகாச அளவைத் தேடுகிறார். நம் வீட்டிலும் இதற்கு இடம் உண்டு. மேசை மேல் வைக்கும் வெட் கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஒரே நேரம் ஊறவைத்து இரண்டு கிரைண்டர்களில் அரைத்து, எத்தனை நிமிடம் ஆனது, மாவு எவ்வளவு சூடேறியது, இரவு புளித்தபின் பாத்திரத்தில் எந்தக் கோடு வரை பொங்கியது, வாட் மீட்டரில் எவ்வளவு மின்சாரம் போனது என்று எழுதினால், ஆசிரியர் பெயரை ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

ஆனால் படம் எடுக்கும்போது கவனம் தேவை. கிரைண்டரின் எவர்சில்வர் டிரம்மில் கேமரா பிடித்திருக்கும் உங்கள் முகம் தெரியும். அட்டைப்பெட்டியில் ஒட்டிய கூரியர் சீட்டில் பெயரும் முகவரியும் இருக்கும். ஷாப்பிங் செயலியின் ஸ்கிரீன்ஷாட் போட்டால், மேல் ஓரத்தில் டெலிவரி பெறுபவரின் பெயரும் பின்கோடும் சேர்ந்தே வரும். போன் கேமரா படக் கோப்புக்குள் படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரத்தைப் பதிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

லாபக் கணக்கில் சதவீதத்தை மட்டும் பார்ப்பது பழைய தவறு, இன்றும் நடக்கிறது. 500 ரூபாய்ப் பொருளுக்கு 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 40 ரூபாய். 6,000 ரூபாய் கிரைண்டருக்கு 4 சதவீதம் என்றாலும் 240 ரூபாய். திருப்பி அனுப்பப்படும் பொருளுக்குக் கமிஷன் கிடையாது என்பதால், அளவு பொருந்தாமல் திரும்பிவரும் ஆடை, செருப்பு வகைகளின் சதவீதம் காகிதத்தில் மட்டுமே அழகு. கிரைண்டருக்கும் ஒரு குறை உண்டு, ஒருமுறை வாங்கியவர் பல வருடம் திரும்ப வரமாட்டார். மீன் தொட்டி, தையல் மெஷின் போன்றவற்றில் உணவு, வடிகட்டி, ஊசி, பாபின் என்று தொடர்ந்து வாங்கும் பொருள்கள் இருக்கின்றன. கமிஷனும் நிலையல்ல. அமேசான் 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அறைகலன் பிரிவின் கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக ஒரே வெட்டாக வெட்டியது. அதன் திட்டத்தில் சேர்ந்த 180 நாட்களுக்குள் மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஏர் கூலர் பற்றி ஜூன் மாதம் தளம் தொடங்குகிறவர் மழைக்காலம் முழுக்கக் காத்திருந்து கணக்கை இழக்க நேரலாம்.

யாரிடமிருந்து மறைகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளாததும் ஒரு கோளாறு. வாசகரிடமிருந்து மறையலாம், வருமான வரித் துறையிடமிருந்து முடியாது. கமிஷன் வாங்க பான் எண்ணும் வங்கிக் கணக்கும் கொடுத்தே ஆக வேண்டும். கம்பெனி தொடங்கினால் மறைந்துவிடலாம் என்பவர்கள், இயக்குநர்களின் பெயர் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் எவரும் பார்க்கும்படி இருப்பதை மறந்துவிடுகிறார்கள். ஜிஎஸ்டி எண்ணை இட்டுத் தேடினாலும் சட்டபூர்வப் பெயர் வரும். ‘பிடித்திருந்தால் ஆதரியுங்கள்’ என்று யுபிஐ ஐடி போடுகிறவர்களும் உண்டு. பத்து ரூபாய் அனுப்பப் போகிறவருக்கு வங்கியில் உள்ள முழுப் பெயரும் திரையில் தெரிந்துவிடும்.

கமிஷன் வருகிறது என்ற அறிவிப்பையும் பெயரோடு சேர்த்து மறைப்பது கூடாது. தவறான விளம்பரங்கள் பற்றிய 2022ஆம் ஆண்டு மத்திய அரசு வழிகாட்டு நெறிகள் இந்த உறவை வெளிப்படையாகச் சொல்லக் கோருகின்றன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான பரிந்துரைக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. கட்டுரை தமிழில் இருந்தால் அறிவிப்பும் தமிழில், லிங்குக்கு முன்பே இருக்கட்டும்.

கடைசியாக, சொந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு தளம் வைத்திருப்பவர்களுக்கு. இரண்டு தளங்களிலும் வருகையைக் கணக்கிடும் ஒரே அனலிடிக்ஸ் எண், விற்பனையைக் கணக்கிடும் ஒரே அமேசான் டிராக்கிங் ஐடி இருந்தால், இரண்டும் ஒருவருடையதே என்று கண்டுபிடிப்பது, அவற்றை இணைத்துக் காட்டும் தேடல் தளங்களில் இரண்டு நிமிட வேலை. அமேசான் ஐடியைத் தளத்துக்குத் தளம் தனியாக உருவாக்கிக்கொள்ளலாம். தளத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸில் அது முடியாது. ஒருவருக்கு ஒரு கணக்குதான், அதன் வெளியீட்டாளர் எண் பக்கத்தின் மூல நிரலில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். எனவே மறைவாக நடத்தும் தளத்தில் விளம்பர வருமானத்தை மறந்துவிட வேண்டும். செய்தி, பொது அறிவு, தேர்வுக் குறிப்பு என்று கூட்டம் வந்தும் எதையும் வாங்காமல் போகும், விளம்பரத்தையே நம்பியிருக்கும் துறைகளையும் அப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.